இருபத்தெட்டாவது வாடிக்கையாளர்

“அக்கா, முதல்ல இவளை பிளாக் பண்ணு!” என்றாள் தங்கை.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள். வீட்டிலேயே அவள் தைத்து விற்கும் குழந்தைக் கவுன்களுக்காகத் தங்கை ஆரம்பித்துக் கொடுத்த இணையப் பக்கம் அது. மூன்று மாதத்தில் இருபத்தெட்டு வாடிக்கையாளர்கள். அதில் இருபத்தேழு பேர் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தார்கள்.

இருபத்தெட்டாவது ஆள் எழுதியிருந்தது இது:

‘துணி நல்ல துணி. தையலும் பரவாயில்லை. ஆனால் கழுத்து சின்னது. தலை நுழைவதற்குள் குழந்தை அழுது தீர்த்துவிட்டாள். பின்பக்கம் கொஞ்சம் திறப்பு விட்டு இரண்டு பட்டன் வைத்தால் நல்லது.’

கீழே ஒரு போட்டோ வேறு. கவுனுக்குள் பாதியில் மாட்டிக்கொண்ட ஒரு குழந்தை. முகத்தில் அழுகிற வாய் மட்டும்தான் தெரிந்தது.

“இத்தனை பேர் வாங்கினாங்களே, யாராவது இப்படிப் போட்டோ போட்டாங்களா? இவ கண்டிப்பா போட்டிக்குக் கடை வச்சிருக்கறவதான்” என்றாள் தங்கை.

“அவ பிள்ளைக்குத் தலை பெருசா இருந்தா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?” என்றாள் அக்கா.

குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கணவன் வாயைத் திறந்தான்.

“பட்டன் வச்சுத்தான் பாரேன். அவங்க சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லையே.”

“வந்துட்டாருடி ஜட்ஜ்!”

“மாமா, நீங்க யார் பக்கம்?” என்றாள் தங்கை.

“அந்தக் குழந்தை பக்கம்.”

அக்கா அவனை முறைத்துக்கொண்டே பிளாக் செய்தாள். “பீடை விட்டுது.”

அதே சூட்டில் இன்னொன்றையும் திறந்தாள். வேலையை விடுகிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிய கடிதம். ஒரு வாரமாக அனுப்பாமல் கிடந்தது.

நாளையோடு பிரசவ விடுப்பு முடிகிறது. மறுநாள் காலை எட்டரைக்குக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டாக வேண்டும். போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒரே அறையில் பதினோரு குழந்தைகள். ஒன்று அழுகையை நிறுத்தினால் அடுத்தது ஆரம்பித்தது. தன்னைத் தூக்க ஆள் வரும்வரை ஒரு குழந்தை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் கவுன்கள் ஓடினால் போதும். குழந்தை வீட்டில் இருக்கும், அவள் கண்ணெதிரே.

“அனுப்பிடட்டுமாடி?”

“அனுப்புக்கா. இருபத்தேழு பேர் கொண்டாடறாங்க, இன்னும் என்ன பயம்?”

“அவசரப்படாதே. இன்னும் ஆறு மாசம் பார்க்கலாமே” என்றான் கணவன்.

அவள் திரும்பினாள்.

“ஆறு மாசம் என் பிள்ளை அங்க கிடந்து அழட்டும், அப்படித்தானே? பெண்டாட்டி நாலு காசு பார்த்தா உங்களுக்குப் பொறுக்கல. அந்தப் பொம்பளைக்கு வக்காலத்து வாங்கினீங்க, இப்ப இது. அந்த இருபத்தேழு பேர்ல ரெட்டைப் பிள்ளைக்காரம்மா மூணு தடவை வாங்கிட்டாங்க. ஊர் பேர் தெரியாதவங்களுக்கு என் மேல இருக்கற நம்பிக்கை, கட்டின புருஷனுக்கு இல்லையே!”

“விடுக்கா. ஆபீஸ் போற வழியில பார்சலையெல்லாம் கூரியர்ல போடறது மாமாதானே. அலுத்துப்போச்சு போல.”

குழந்தை ஏப்பம் விட்டது. அதற்குப் பிறகும் அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் விரல் ‘அனுப்பு’ என்ற இடத்துக்குப் போனது.

“அனுப்பாதே!”

குழந்தை திடுக்கிட்டு அழுதது. இத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“என் ஆபீஸ் அலமாரியை நீ ஒரு தடவை வந்து பார்க்கணும். கதவைச் சாத்த முடியல.”

“ஏன், அப்படி என்ன இருக்கு அதுல?”

“கவுன்.”

“யாரோட கவுன்?”

அவன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“பேஜ் ஆரம்பிச்ச முதல் பத்து நாள் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. நீ பால் கொடுக்கும்போதுகூடப் போனையே பார்த்துக்கிட்டிருந்தே. ஒருநாள் குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழுதே. எனக்குக் கேட்காதுன்னு நினைச்சே. சரி, ஒண்ணே ஒண்ணு வாங்குவோம்னு வேற பேர்ல ஆர்டர் போட்டேன். நல்லதா நாலு வார்த்தையும் எழுதினேன். அன்னிக்கு நீ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தைச்சே. அப்புறம் என்னால நிறுத்த முடியல.”

“மாமா... ரெட்டைப் பிள்ளைக்காரம்மா?” என்றாள் தங்கை.

அவன் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“அப்போ... ஒருத்தர்கூட நிஜமா வாங்கலையா?”

“ஒருத்தங்க வாங்கினாங்க” என்றான் அவன். “அவங்களைத்தான் இப்ப பிளாக் பண்ணினே.”