துரைசாணி பார்த்த புல்

"சீச்சீ!" என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார் சிவனணைந்தபெருமாள் பிள்ளை. உதகமண்டலத்திலிருந்து வரவழைத்து, குற்றாலத்து பங்களாவில் அவர் அழகுக்கு நட்ட சீமைப்புல் நடுத்தூர் அழுகிக் கருகிக் கிடந்தது. அடிமண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

போன மாதம் வந்த துரைசாணி அந்தப் புல்லின் வெண்கதிர்களைத் தடவித் தடவி அதிசயப்பட்டுப் போனாள். அன்றையிலிருந்து பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. சாரல் தொடங்கியதும் மறுபடி வருகிறவளுக்கு இந்தக் கண்றாவியையா காட்டுவது?

"ஏலே சொரிமுத்து! என்னலே இது?"

தோட்டக்காரன் ஓடிவந்தான். "தூரு நெருக்கிப் போச்சோ என்னவோ எசமான். பிரிச்சு நட்டா தழைஞ்சிரும்."

"தழையுமாம்! பக்கத்துலயே குடிசை, நீ இங்கனதானே ஒதுங்குத? மூத்திரம் காஞ்சுதாம்லே இப்படி வெளுத்திருக்கு!"

"பேச்சியம்ம சத்தியமா இல்ல எசமான். இந்த வேலைய நம்பித்தான் பிள்ளைகளோட கெடக்கேன்."

"அப்ப அந்த மண்ண நாக்குல வச்சுச் சத்தியம் பண்ணு, பாப்போம்."

மாட்டான் என்று நினைத்துத்தான் சொன்னார். சொரிமுத்து ஒரு சிட்டிகை அள்ளி நாக்கில் வைத்தே விட்டான். பிள்ளை துண்டை மூக்கில் இன்னும் அழுத்திக்கொண்டார். இப்படியும் ஒரு ஜென்மமா!

"உப்புக் கரிக்கி எசமான்."

"கரிக்காம இனிக்குமாலே? தூ! அந்த நாறவாயோட இனிமே என் மூஞ்சில முழிக்காத. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பவே வெளிய போ!"

கெஞ்சிப் பார்த்தான், காலில் விழப் போனான். தொட்டுவிடுவானோ என்று பிள்ளை அருவருத்துப் பின்வாங்கினார். சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் வாசலைத் தாண்டும்வரை அவர் காறித் துப்பிக்கொண்டிருந்தார்.

சத்தம் ஓய்ந்ததும் அவர் மனைவி நாச்சியார் ஒரு சொம்போடு அடுக்களையிலிருந்து வந்தாள். நேரே புல்லிடம் போய், சொம்பை மூன்று தரம் சுற்றி, அதிலிருந்ததைத் தூரில் ஊற்றினாள்.

"என்னது அது?" என்றார் பிள்ளை.

"உப்பு கரைச்ச தண்ணிங்க. அந்தத் துரைசாணி கண்ணு பட்ட நாள்லேருந்து தெனமும் சுத்தி ஊத்துதேன், கழியவே மாட்டேங்கு!"