ஏழாம் எண் ஜெர்சி

மொட்டைமாடிக் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த மஞ்சள் ஜெர்சி என்னுடையது அல்ல. நான் நீல அணியின் ரசிகன்.

"யாருது இது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் என் மனைவி சுகந்தி. "சுத்திப் பாருங்க."

எல்லா மாடிகளிலும் அதே மஞ்சள், அதே ஏழாம் எண்.

"ஊரே அவங்க பக்கம்னு காட்ட மஞ்சள் டீம்காரங்களே மாட்டிட்டுப் போயிருக்காங்க. நாளைக்கு உங்க நீலக்காரங்க வருவாங்க" என்று சிரித்தாள் சுகந்தி.

எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்து மாடியில் தொங்கிய ஜெர்சியைக் கைநீட்டித் தொட்டேன். அது காய்ந்திருந்தது, புதுத்துணியின் மடிப்புகூடக் கலையவில்லை. எங்கள் கொடியில் இருந்ததை எடுத்துப் பிழிந்தேன். கழுத்துப்பட்டைக்குள், சலவைக்காரர் வீட்டுக்கு வீடு வேறுவேறாகப் போடும் மைக்குறி, பலமுறை துவைத்து மங்கித் தெரிந்தது.

ஒரு கோடு, இரண்டு புள்ளி. எங்கள் வீட்டுக் குறி.