இன்னொருவர் யார்?

புது நாட்டுக்குச் சட்டம் எழுத வந்திருந்த துரைமார்களுக்கு அடிமைப் பெண் ஜூபா சூப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"சரி, ஜனத்தொகைக் கணக்குல உங்க அடிமைங்க அஞ்சு பேரை மூணு ஆளா எண்ணிக்குவோம். உங்க மாகாணத்துக்கும் சபையில இடம் கூடும்" என்றார் வடக்கு மாகாணத்துத் துரை ஒருவர். அவளுடைய எஜமான் மறுபேச்சில்லாமல் கைகுலுக்கினார்.

சமையலறையில் அவளோடு சேர்த்து ஐந்து அடிமைகள். முக்காலியில் உட்கார்ந்து, புதிதாகப் பார்ப்பவள்போல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நம்மள்ல ரெண்டு பேர் கணக்குல இல்லையாம். யாரா இருக்கும்?"

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கஃபி சிரித்தான். "யாரா இருந்தா என்ன? அவங்க ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

சாப்பாட்டு அறையில் மணி அடித்தது. எல்லோரும் பதறி எழுந்தார்கள். ஜூபா மட்டும் எழவில்லை. இன்னொருவர் யாரென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.