பின்கட்டு அறை சூடாகவில்லை

வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

மணி பன்னிரண்டே கால். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திருமதி புரோசர் வருகிறார். அறை கதகதப்பாக இருந்தால்தான், அங்கே படுத்திருக்கும் என் மாமனார் இட்வாலை இங்கே அனுப்ப அந்த அம்மா கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் மாமனார் மேட்டிலிருக்கும் முதியோர் இல்லத்துக்குத்தான் போகவேண்டும்.

அவருடைய நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. இங்கே அவருக்காகப் போட்ட கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் உருளை வந்து நிற்கிறது. அது இருக்கும் அறையில் மின்சார ஹீட்டர் கூடவே கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இந்த அறையை என் கணவன் எம்ரிஸ் தன் கையாலேயே கட்டினான். மே மாதத்திலிருந்து, பஸ் ஓட்டிவிட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் செங்கல் அடுக்கினான். அப்பாவை எந்த இல்லத்திலும் விடமாட்டேன் என்று சாகக் கிடந்த அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தான். சத்தியம் வாங்கியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சத்தியம் மட்டும் எங்களோடு குடியிருக்கிறது.

சனிக்கிழமைகூட இந்த ரேடியேட்டரில் காலுறை காயப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமனாரைப் பழக்கிப் பார்க்க மூன்று மணி நேரம் அழைத்து வந்தோம். "நல்ல ரூம்," என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அறை ஐஸ்பெட்டியாகக் கிடக்கிறது.

இன்று புதன். ஊரில் இருக்கிற குழாய்க்காரர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடியாது என்கிறார்கள்.

எம்ரிஸ் ரேடியேட்டரின் மேல் மூலைத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றினான். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று, பிறகு அவன் முகத்தில் கறுப்புத் தண்ணீர். மற்ற அறைகளின் ரேடியேட்டர்களை எல்லாம் மூடினான், சூடு முழுக்க இங்கே வரட்டும் என்று. வரவில்லை. இப்போது வீடு மொத்தமும் குளிர்கிறது. சமையலறையில்கூட நான் ஓவர்கோட்டோடுதான் நிற்கவேண்டியிருக்கிறது.

கடைசியில் வார்டுக்குப் போன் போட்டான். மாமனார் முப்பத்தெட்டு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் வீடு வீடாக ரேடியேட்டர் மாட்டியவர். அவரைவிட்டால் யாரைக் கேட்பது?

"காத்தை வெளியே விட்டியா? சரி, பம்பைப் பாரு," என்றார், மூச்சு வாங்கியபடி. "பம்பு ஓடுதுன்னா, சூடு கூட்டுற திருகைக் கழட்டி உள்ள இருக்கிற ஊசியைத் தட்டு. அதுவும் சரியா இருந்துச்சுன்னா பாய்லரையே பிரிச்சுப் பார்க்கணும்டா தம்பி. ரெண்டு நாள் வேலை."

பம்பு ஒழுங்காக ஓடியது. ஊசி அமுக்கினால் உள்ளே போய் வெளியே வந்தது.

மணி ஒன்று ஐம்பது. நாற்பத்தாறு வயது ஆள், தரையில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி வெளிய போற அந்தக் கோடியில இன்னொரு வால்வு இருக்கே, அதைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"அது நான் மாட்டும்போதே திறந்து வெச்சது, ரியானன். அதை யாரு தொடப் போறாங்க? அதுல கோளாறுன்னா அப்பா முதல்லயே சொல்லியிருக்க மாட்டாரா?"

சொல்லிக்கொண்டே, எனக்காக, அதன் வெள்ளை மூடியைப் பிடுங்கினான்.

உள்ளே வால்வு இறுக்கி மூடியிருந்தது.

மூடியோடு ஒரு காகிதமும் விழுந்தது. நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுச் சீட்டு. பின்பக்கம் பென்சிலில் மாமனாரின் கோணல் எழுத்து.

இந்த வால்வை மூடுகிற பழைய ஆட்கள் எத்தனை சுற்றில் மூடினோம் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போவார்கள். பின்னால் திறக்க வருகிறவன் திண்டாடக் கூடாதல்லவா. மாமனாரும் அதைத்தான் முதலில் எழுதியிருந்தார்.

"ரெண்டரைச் சுத்து. அந்த புரோசர் அம்மா போனப்புறம் திற. ரூம் ரொம்ப நல்லா இருக்குடா. ஆனா நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா நான் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். மேட்டுல என்கூட வேலை பார்த்தவங்க நாலு பேர் இருக்காங்க, டோமினோ ஆடலாம். நீ செங்கல் அடுக்குறதைப் பார்த்தப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரலை."

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் இருவரையும் தேநீர் போட அனுப்பியது நினைவுக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை நீட்டினால் வால்வு எட்டும். ஸ்பானரைக் கம்பளிச் சட்டைக்குள் கொண்டு வந்திருக்க வேண்டும், கிழவர். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது.

வாசல் மணி அடித்தது.

எம்ரிஸ் ஸ்பானரை வால்வில் வைத்தான். இரண்டரைச் சுற்றுக்கு அரை நிமிடம் போதும். திருமதி புரோசர் கோட்டைக் கழற்றி, காகிதங்களை எடுத்து, தேநீர் குடித்து முடிப்பதற்குள் ரேடியேட்டர் கை வைக்க முடியாதபடி கொதித்துவிடும்.

அவன் என்னைப் பார்த்தான். முடிவு அவனுடையது. அது என் அம்மாவிடம் செய்த சத்தியமில்லை.

மணி மறுபடியும் அடித்தது.

ஸ்பானரை எடுத்துவிட்டு மூடியைத் திரும்ப அழுத்தினான். சீட்டைச் சட்டைப்பையில் வைத்தான். முகத்திலிருந்த கறுப்புத் தண்ணீரைக் கையால் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தான்.

"வாங்க மேடம். அந்த ரூம் சூடாகாதுங்க," என்றான். "அப்பாவே சொல்லிட்டார்."