இல்லாத கட்டளை

அழிக்கும் கட்டளையை மூன்றாவது முறையாக அடித்தாள் கவிப்பிரியா. அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று சர்வரும் மூன்றாவது முறையாகச் சொன்னது.

மணி பத்து இருபது. பதினோரு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார்.

மேனேஜர் ராஜசேகரன் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷினில் தொழிலாளி துலுக்கானத்தின் வலது கை போய் இரண்டு நாள் ஆகிறது. அவர் கவனக்குறைவுதான் காரணம் என்கிறது கம்பெனி. ஆனால் பாதுகாப்பு சென்சாரை ஒன்பது நாளாக அணைத்து வைத்திருந்ததை, நிமிடத்துக்கு நிமிடம் சர்வர் எழுதி வைத்திருக்கிறது. துலுக்கானத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பேக்கப் டிஸ்க் காலையிலேயே மேனேஜரின் பைக்குள் போய்விட்டது.

அந்த ஒன்பது நாள் பதிவு இருந்தால் இவளுக்கு வேலை இருக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மாதம் செருப்புத் தேய அலைந்து வாங்கிய வேலை.

சர்வருக்குக் கட்டளை அடிக்கும் ஷெல்லில் நீக்க ஒரு கட்டளை இல்லை, காலி செய்ய ஒன்று இல்லை. பக்கத்து நாற்காலியில் சீனியர் டில்லிபாபு உட்கார்ந்திருந்தார். முடியாது என்று காலையிலேயே கைவிரித்துவிட்டவர் அவர்.

முடியாமலே போகட்டும் என்றுதான் அவளும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். ஆனால் புதிர் என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அழிக்கத் தெரியாவிட்டால் என்ன, இந்த சர்வருக்கு எழுதத் தெரியுமே!

அந்த ஒன்பது நாளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பொறுக்கி, பழைய பதிவின் மேலேயே எழுதச் சொல்லி நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டாள். விரல்கள் பறந்தன. அந்தப் பத்து நிமிடமும் துலுக்கானம் அவள் நினைவிலேயே இல்லை.

என்டரைத் தட்டினாள். தேடிப் பார்த்தாள். ஒன்பது நாளும் போயே போச்சு.

ராஜசேகரன் முதலாளிக்கு போன் போட்டபடியே வெளியே ஓடினார்.

பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "இன்னாண்ணா, இதுக்குப் போயி முடியாதுன்னுட்டீங்க?"

டில்லிபாபு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"கமாண்டெல்லாம் இருந்துச்சு கவி. நேத்து நான்தான் குந்திகினு ஒண்ணொண்ணா எடுத்தேன்."