எந்த மியூசியம்?

மதுரையிலிருந்து புதுச்சேரிக்குச் சுற்றிப் பார்க்க வந்த இரண்டாம் நாள், முபீனா தன் கணவர் ஜுல்பிகரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள்.

"கடலைப் பாக்கலாம்னுதானே சொன்னே?" என்றார் அவர்.

"வெயிலு தாழட்டும், போகலாம்."

உள்ளே பழைய மண்சாடிகள், பிரெஞ்சுக்காரர்களின் நாற்காலிகள், ஒரு பல்லக்கு. முபீனா ஒவ்வொன்றின் முன்னும் நின்று எழுதியிருந்ததைப் படித்தாள். ஜுல்பிகர் வாசலோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னங்க, வந்து பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க."

"பதினோரு பேரு இருக்காங்க. பச்சைச் சட்டைக்காரரு பல்லக்கைத் தொடப் போறாரு."

"இம்புட்டு தூரம் வந்திருக்கோம். ஒரு நாளாச்சும் என்கூடச் சேந்து பாக்கக் கூடாதா?"

ஜுல்பிகர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெகுநேரமாக அவரையே கவனித்துக்கொண்டிருந்த காவலாளி அருகில் வந்தார்.

"அண்ணே, நீங்க எந்த மியூசியத்துல வாட்ச்மேன்?"

"மதுரை காந்தி மியூசியம். பத்தொன்பது வருஷமாச்சு."

காவலாளி அவர் நின்ற இடத்தில் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆளுங்களை நான் பாத்துக்கறேன். நீங்க போயி பொருளைப் பாருங்கண்ணே."

ஜுல்பிகர் மெல்ல நடந்து, முபீனாவின் பக்கத்தில் போய் நின்றார்.