மூக்கனுக்கு ஒரு பரீட்சை

"இந்த முள்கரண்டியை நம்பியா கரடிக்கிட்ட போற?"

காவலாளி வழியை மறித்தான். மனைவியின் கையில் இருந்தது, நாலு பல் வைத்த சாதாரண முள்கரண்டி.

"இதுல குத்தித்தானே தினமும் பழம் நீட்டறேன். சும்மா பதறாதீங்க."

பதறாமல் எப்படி இருப்பது? ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சரணாலயம் அது. தாயை வேட்டைக்காரர்களிடம் பறிகொடுத்த கரடிக்குட்டி மூக்கனுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். அப்போது அது பூனைக்குட்டி அளவு. இப்போது எழுந்து நின்றால் கூண்டின் கூரை இடிக்கும். நேற்று முன்பின் தெரியாத இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அது உறுமிய உறுமலில் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

"வளர்த்தவங்களைப் பார்த்தும் உறுமணும். அப்பதான் காட்டுல விட முடியும்" என்றார் கால்நடை டாக்டர். "கொஞ்சிக்கிட்டு வந்துச்சுன்னா ஆயுசுக்கும் கூண்டுதான்."

"பாய்ஞ்சுட்டா?"

"மயக்க ஊசித் துப்பாக்கியோட நான் வெளியிலயே நிக்கறேன்ல? உள்ள போனதும் கதவோரமாவே நிக்கச் சொல்லியிருக்கேன்."

கூண்டைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் முகம் தெரிந்தால் பரீட்சை கெட்டுவிடுமாம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

காவலாளி துணியில் காதை வைத்தான். கனமான காலடிகள் நெருங்கின. புஸ் புஸ்ஸென்று மூச்சுச் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கும்பிடாத சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

"ஐயோ!" என்று உள்ளே அவள் அலறினாள்.

டாக்டர் கதவைத் திறக்க, அவள் தடுமாறி வந்து அவன் மேல் விழுந்தாள். முன்கையில் நாலு நீளக் கீறல்கள். ரத்தம் விரல் நுனிவரை வழிந்தது.

"பிறாண்டிடுச்சு டாக்டர்" என்றாள். முகமெல்லாம் கண்ணீர். "என்னையே பிறாண்டிடுச்சு."

"மூக்கன் பாஸ்!" என்று யாரோ கத்த, வெளியே நின்ற ஊர்க்கூட்டம் கைதட்டியது. காவலாளிக்கு அந்தக் கைகளையெல்லாம் ஒடிக்க வேண்டும் போலிருந்தது.

"நல்லவேளை, ஆழமா படலை. கழுவி மருந்து போடுங்க. மூக்கனை வண்டியில ஏத்திவிட்டுட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மருந்துப் பெட்டியை அவனிடம் திணித்துவிட்டு டாக்டர் ஓடினார்.

மூக்கனை ஏற்றிய வண்டி காட்டுப் பாதையில் போய் மறைந்தது.

காவலாளி மனைவியின் கையைக் குழாயடியில் கழுவினான்.

"நன்றி கெட்ட ஜென்மம்! பால் கொடுத்த கையையே..." என்று திட்டிக்கொண்டே, கீறல் கீறலாக மருந்து தடவினான். நாலாவதோடு விரல் நின்றது. ரோந்து போகும்போது மரப்பட்டைகளில் அவன் பார்க்கும் கரடி நகத் தடங்கள் நினைவுக்கு வந்தன.

"ஏய்... கரடிக்கு அஞ்சு நகமாச்சே?"

அவள் இடுப்பில் செருகியிருந்த முள்கரண்டியை முந்தானையால் மூடினாள். வண்டி போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நக்கத்தாங்க செஞ்சுது."